ரெண்டு மணிதானே தம்பி

வியாழக்கிழமைகளில் ராம்பிரசாத் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பான். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் லேப்டாப்பை மூடிவிட்டு, மகள் அஸ்வினியை ஏற்றிக்கொண்டு தாங்கள் குடியிருக்கும் பிளாக்ஹவுஸ் பே பகுதியிலிருந்து லின்ஃபீல்டுக்குப் போவான். அங்கே யசீகரனின் மகள் ஆரணி, முடியை இழுத்துக் கட்டிக்கொண்டு, மடியில் பையோடு வாசல்படியில் உட்கார்ந்திருப்பாள். இரண்டு பேரையும் ஹென்டர்சனில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பழைய மரக்கூடத்துக்குக் கூட்டிப்போவான். அங்கேதான் ஓர்லா என்ற அயர்லாந்துக்காரப் பெண்மணி பிள்ளைகளுக்கு ஐரிஷ் நடனம் சொல்லிக்கொடுத்தார்.

பள்ளிக்கூட விழா ஒன்றில் ஓர்லாவின் மாணவிகள் ஆடியதைப் பார்த்துவிட்டு அஸ்வினி ஆசைப்பட்டுக் கேட்டது அது. உடம்பை நிமிர்த்தி, கைகளை இரண்டு பக்கமும் அசையாமல் வைத்துக்கொண்டு, கால்கள் மட்டும் பறக்கிற ஆட்டம். பரதநாட்டியம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கோயிலில் சிலர் கேட்டார்கள். ராம்பிரசாத் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான். அஸ்வினி தன் வகுப்புத் தோழி ஆரணியிடம் போய்ச் சொல்ல, அவளும் அடம்பிடிக்க, யசீகரன்தான் தயங்கினார். அவர் பஸ் ஓட்டுநர். மனைவி நிலானிக்கு முதியோர் இல்லத்தில் மாலை வேலை. வியாழக்கிழமை மாலை பிள்ளையைக் கொண்டுபோக ஆள் இல்லை.

"நான் கூட்டிட்டுப் போறேண்ணா. எப்படியும் நான் போறவன்தானே. நீங்க எதுக்குக் கவலைப்படறீங்க?" என்று அன்று சொன்னவன் ராம்பிரசாத்தான்.

அந்தக் கூடத்தில் எல்லாரும் ஏதாவது ஒன்றைச் செய்தார்கள். பிளம்பர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பயிற்சிக்கு அக்கார்டியன் வாசித்தார். ஒரு அம்மா, தன் பிள்ளைக்குச் சின்னதாகிவிட்ட ஆட்டக் காலணிகளைத் துடைத்துக் கொண்டுவந்து ஆரணிக்குக் கொடுத்தாள். இன்னொருத்தி எல்லாருக்கும் தலை பின்னிவிட்டாள். ராம்பிரசாத் பெற்றோர்களுக்குச் சேதி சொல்கிறவன் ஆனான். எந்த நாள் வகுப்பு இல்லை, எங்கே போட்டி, யார் யாரைக் காரில் ஏற்ற வேண்டும், எல்லாம் அவன் வழியாகத்தான் போகும். ராம் இல்லையென்றால் எனக்குக் கை ஒடிந்த மாதிரி என்று ஓர்லா நாலு பேர் முன்னால் சொல்வார். அதைக் கேட்க அவனுக்குப் பிடிக்கும்.

ஆரணி நன்றாக ஆடினாள். ஆரம்பத்தில் அது அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நாம் கொண்டுவந்து சேர்த்த பிள்ளை என்று பெருமைகூடப் பட்டான். பிறகு ஒவ்வொரு போட்டியிலும் ஆரணி பதக்கத்தோடும் அஸ்வினி வெறுங்கையோடும் அவன் காரின் பின்சீட்டில் ஏற ஆரம்பித்தபோது, கண்ணாடியில் தன் மகளின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்க்கப் பழகினான். ஒருநாள் ஆரணியை இறக்கிவிட்டதும், "நான் ஆடவே லாயக்கில்லை, இல்லப்பா?" என்று அஸ்வினி ஆங்கிலத்தில் கேட்டாள். அவன் ரேடியோவின் ஒலியைக் கூட்டினான்.

அந்த வருஷம் மனுகாவில் பெரிய போட்டி வந்தது. அதில் எட்டுப் பேர் சேர்ந்து ஆடும் ரீல் என்ற ஆட்டத்துக்கு ஓர்லா தன் குழுவை அனுப்ப நினைத்தார். ஏழு பேர் முடிவாகிவிட்டார்கள். எட்டாவது இடத்துக்கு அஸ்வினியும் ஆரணியும் மிச்சம். சனிக்கிழமை இரண்டு மணிக்கு இருவரையும் மற்றவர்களோடு ஆடவைத்துப் பார்த்து முடிவு செய்வதாகச் சொன்னார். அதைப் பார்ப்பதற்காகவே யசீகரன் சக ஓட்டுநர் ஒருவரிடம் கெஞ்சி அன்றைய வேலையைப் பாதியாக மாற்றிக்கொண்டார். ஆரணி ஆடுவதை அவர் நேரில் பார்த்தது ரொம்பக் குறைவு.

அந்த வாரம் வியாழக்கிழமை ஆரணிக்குக் காய்ச்சல். வகுப்புக்கு வரவில்லை. வகுப்பு முடிந்து ராம்பிரசாத் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர்லா பக்கத்தில் வந்தார். ஐரிஷ் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் இறந்துவிட்டாராம். சனிக்கிழமை மதியம் அடக்கம் முடிந்து எல்லாரும் இந்தக் கூடத்துக்குத்தான் வருவார்களாம். அதனால் தேர்வைக் காலை பதினோரு மணிக்கு மாற்றியிருக்கிறேன், ஆரணியின் அப்பாவிடம் நீங்களே சொல்லிவிடுகிறீர்களா என்று கேட்டார். சொல்லிவிடுகிறேன் என்றான்.

அன்று இரவே சொல்லியிருக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சல், நாளை சொல்லலாம் என்று விட்டான். அதுவரை அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை போனைக் கையில் எடுத்தபோதுதான், சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்தது. போனைத் திரும்ப மேஜைமேல் வைத்தான். மறந்துபோனது என்று சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? ஒரே ஒரு தடவை, தன் பெண் ஒரு கூட்டத்தோடு சேர்ந்து மேடையேறட்டும். ஆரணிக்கு இன்னும் எத்தனையோ போட்டி இருக்கிறது. இப்படியெல்லாம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

சாயங்காலம் யசீகரனே போன் செய்தார். பின்னால் பஸ் எஞ்சின் சத்தம் கேட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, காலையிலிருந்து வீட்டுக்குள்ளேயே குதித்துக்கொண்டிருக்கிறாள் என்றார். பிறகு கேட்டார்:

"நாளைக்கு ரெண்டு மணிதானே தம்பி?"

"ஆமாண்ணா" என்றான் ராம்பிரசாத்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆரணி வரவில்லை. ஓர்லா கடிகாரத்தைப் பார்த்தார். சொன்னீர்கள் அல்லவா என்று ராம்பிரசாத்திடம் கேட்டார். சொன்னேன், ஏதாவது வேலை வந்திருக்கும் என்றான். கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அஸ்வினியை ஆடச் சொன்னார். அவளும் மோசமாக ஆடவில்லை. மற்ற ஏழு பெண்களும் அவளைச் சுற்றி நின்று கைதட்டினார்கள். அவள் ஓடிவந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையைத் தடவிக்கொடுத்த தன் கை தனக்கே அந்நியமாகத் தெரிந்தது அவனுக்கு.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் துக்க வீட்டார் வருவதற்குள் மேஜைகளைப் போட ஆள் வேண்டும் என்றார் ஓர்லா. முடியாது என்று சொல்ல அவனுக்குத் தெரியவில்லை. ஒன்றரை மணிக்கெல்லாம் கறுப்பு உடையில் கூட்டம் நிறைந்துவிட்டது. மூலையில் இரண்டு பேர் மெதுவாகப் பிடில் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ராம்பிரசாத் தேநீர்க் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது வாசல் கதவு திறந்தது.

ஆரணி நின்றிருந்தாள். பளிச்சென்ற பச்சைப் பாவாடை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, இறுக்கிப் பின்னிய முடி. அவள் பின்னால் பஸ் சீருடையில் யசீகரன். கறுப்பு உடைக் கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒரு கிழவி, துக்கத்துக்கு ஆட வந்த பிள்ளை என்று நினைத்து, அவளைப் பார்த்துக் கண்ணீரோடு தலையசைத்தாள். ஆரணி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓர்லா விரைந்து போனார். ராம்பிரசாத்துக்கும் கால் தானாக அந்தப் பக்கம் போனது. தேர்வு பதினோரு மணிக்கே முடிந்துவிட்டதே, ராம் உங்களிடம் சொன்னதாகச் சொன்னாரே என்றார் ஓர்லா. குரல் தாழ்வாகத்தான் இருந்தது, ஆனால் அதில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

யசீகரன் ராம்பிரசாத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. கேள்வியாகக்கூடப் பார்க்கவில்லை. ஒரு கணக்கைப் போட்டு முடிக்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஓர்லாவின் பக்கம் திரும்பி, மன்னிக்க வேண்டும், ராம் சொன்னார், நான்தான் மறந்துவிட்டேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார். ஆரணி அப்பாவின் கையை விட்டாள். விட்ட கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வியாழக்கிழமை ராம்பிரசாத் பயந்துகொண்டேதான் லின்ஃபீல்டுக்குப் போனான். ஆரணி வழக்கம்போலப் படியில் உட்கார்ந்திருந்தாள். எட்டுப் பேர் குழுவுக்கு யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் ஆட ஒரு மாற்று ஆள் வேண்டும் என்று அவளை ஓர்லா வைத்துக்கொண்டிருந்தார். வகுப்பு முடிந்து திரும்பக் கொண்டுபோய் விட்டபோது வேலை முடிந்து வந்திருந்த யசீகரன் வாசலுக்கு வந்து, "தேங்க்ஸ் தம்பி" என்றார். அதே குரல், அதே சிரிப்பு. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் ராம்பிரசாத்துக்கு அன்று தூக்கம் வந்திருக்கும். ஒவ்வொரு வாரமும் இன்று கேட்பார், இன்று கேட்பார் என்று காத்திருந்தான். அவர் கேட்கவே இல்லை. காரில் மட்டும் ஒரு மாற்றம். முன்பெல்லாம் ஆரணி வழியெல்லாம் அப்பாவின் பஸ்ஸில் ஏறிய விசித்திரமான ஆட்களைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டே வருவாள். இப்போது அப்பாவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அது நடந்தது. ராம்பிரசாத்தின் மனைவி பாக்யலட்சுமி ஆஸ்பத்திரியில் நர்ஸ். யாருக்கு என்ன குறை என்றாலும் உடனே வழி சொல்லிவிடுகிற சுபாவம். சாப்பாட்டு வரிசையில் நிலானியைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆரணியை நினைச்சா எனக்கு மனசே ஆறல நிலானி. இனிமே யசீ அண்ணா போன்ல ஒரு அலாரம் வச்சுக்கட்டும். இல்லேன்னா இவர்ட்ட ரெண்டு தடவை கேட்டுக்கச் சொல்லுங்க. பிள்ளைங்க விஷயத்துல மறதி கூடாது பாருங்க."

நிலானியின் கண்கள் ஒரு கணம் ராம்பிரசாத்திடம் வந்து போயின. அவன் தட்டோடு இரண்டடி தள்ளி நின்றிருந்தான்.

"ஓம் அக்கா. இனிக் கவனமா இருக்கிறம்" என்று சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ராம்பிரசாத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தான். கார் நிறுத்தும் இடத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நிலானிக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் பாக்யலட்சுமியிடம் புத்திமதி வாங்கிக்கொண்டு நிற்கிறாள்.

அன்று மதியம் யசீகரனுக்கு வேலை. நியூ லின் பஸ் நிலையத்தில் அவருக்கு இடைவேளை எப்போது வரும் என்பது ராம்பிரசாத்துக்குத் தெரியும். போய்க் காத்திருந்தான். காலி பஸ்ஸின் முன்படியில் உட்கார்ந்து யசீகரன் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் மூடியில் ஊற்றியதை அவனிடமே நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"அண்ணா, அன்னைக்கு நேரம் மாறினது எனக்குத் தெரியும். நீங்க போன் பண்ணிக் கேட்டப்பவும் தெரியும். வேணும்னேதான் சொல்லல."

"ஓம்" என்றார் யசீகரன்.

"அப்புறம் ஏன் ஓர்லாகிட்ட அப்படிச் சொன்னீங்க?"

யசீகரன் தேநீரை ஒரு வாய் குடித்தார். எதிரே ரயில் ஒன்று வந்து நின்று போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற என்ன செய்யிறது தம்பி? அந்த இடத்தில நான் வாயைத் திறந்திருந்தா நீங்கள் பொய்க்காரன் ஆகியிருப்பியள். ஆரணிக்கு அந்த இடமும் கிடைச்சிருக்கும். சரி. பிறகு வாற வியாழக்கிழமை ஆர் அவளைக் கூட்டிக்கொண்டு போறது? உங்கட கார் இல்லாட்டி அவளுக்கு வகுப்பே இல்லை. ஒரு ஆட்டத்துக்காக எல்லாத்தையும் விட ஏலுமே?"

மூன்று வருஷமாக ராம்பிரசாத் உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தது, அந்த மனிதரின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. அதைத் தெரிந்துதான் துணிந்தோமோ என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

"மற்றதெல்லாம் பரவாயில்லை" என்றார் யசீகரன். "நான் மறந்துபோனன் எண்டு பிள்ளையும் நம்பிப்போட்டாள். அவளுக்கு முன்னாலதானே சொன்னன். அதுக்குப் பிறகு அவள் என்னோட வடிவாக் கதைக்கிறேல்லை. தன்னை நான் பெரிசா நினைக்கேல்லையாம். தாயிட்டச் சொல்லி அழுதிருக்கிறாள்."

ஆரணியிடம் நானே சொல்லிவிடுகிறேன் என்றான் ராம்பிரசாத். யசீகரன் வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் பிள்ளைக்கு முன்னால் சொல்ல வேண்டாம், அவள் தாங்கமாட்டாள் என்று மட்டும் சொன்னார். மூடியை பிளாஸ்கில் திருகிவிட்டு எழுந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போய் முதலில் பாக்யலட்சுமியிடம் சொன்னான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தான்.

"நான் அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டுப் புத்தி சொன்னேனே. நீங்க பக்கத்துலதானே நின்னீங்க" என்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, காரை எடுத்துக்கொண்டு நிலானி வீட்டுக்குப் போனாள். கூட வருகிறேன் என்றவனை வேண்டாம் என்றுவிட்டாள். திரும்பி வந்து அங்கே என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை ஹென்டர்சன் கூடத்துக்கு வெளியே காரை நிறுத்தினான். யசீகரன் சொன்னபடி அஸ்வினியை முதலில் இறக்கிவிட்டுப் பேசலாம் என்றுதான் நினைத்திருந்தான். ஆனால் அவளை உள்ளே அனுப்பினால் இன்னொன்றை ஒளித்ததாகத்தான் ஆகும் என்று தோன்றியது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்பக்கம் திரும்பினான். தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடித்தான். ஆரணியின் அப்பா மறக்கவில்லை, நான்தான் தப்பான நேரத்தைச் சொன்னேன், தெரிந்தே சொன்னேன், அஸ்வினிக்கு அந்த இடம் கிடைக்க வேண்டும் என்று செய்தேன் என்றான். எங்கேயும் 'ஆனால்' என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது என்று பார்த்துக்கொண்டான்.

ஆரணி அவனைத் திட்டவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"அப்ப அப்பா மறக்கேல்லையா?"

"இல்லம்மா. முதல் நாள் போன் பண்ணிக் கேட்டார். நான்தான் பொய் சொன்னேன்."

அவள் போனை எடுத்து அப்பாவுக்கு அடித்தாள். பஸ் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவர் எடுக்கமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் மணி அடித்து ஓயும்வரை காதில் வைத்திருந்தாள். பிறகு மறுபடி அடித்தாள்.

அஸ்வினி கதவைத் திறந்து இறங்கினாள். கூடத்துக்குள் போகவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அவன் இறங்கிப் பக்கத்தில் போனபோது, "எனக்கு வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்க" என்றாள். அதை அவள் தமிழில் சொன்னாள். வீட்டில் எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் பிள்ளை அது.

ஓர்லாவிடமும் போய்ச் சொன்னான். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மனசுக்குள் யசீகரனைப் பொறுப்பில்லாதவர் என்று எத்தனை முறை நினைத்தேன் என்று சொல்லும்போது மட்டும் அவர் முகம் சிவந்தது. இனிமேல் பெற்றோர்களுக்குத் தானே போன் செய்துகொள்வதாகச் சொன்னார். அவனை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. எட்டாவது இடத்தைப் பற்றி இரண்டு பெண்களையும் தனியே கூப்பிட்டுப் பேசினார். அஸ்வினி தனக்கு வேண்டாம் என்றாள். ஆரணியோ, இத்தனை வாரம் எட்டுப் பேரும் சேர்ந்து பழகியிருக்கிறார்கள், இப்போது மாற்றினால் எல்லாருக்கும் கெடும், நான் தனி ஆட்டத்தில் ஆடிக்கொள்கிறேன் என்றாளாம். அஸ்வினி வேண்டாவெறுப்பாகக் குழுவிலேயே இருந்தாள்.

போட்டி மனுகாவில் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. ராம்பிரசாத் அன்று தேநீர் ஊற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கிருந்து மேடையின் ஒரு ஓரமும் முதல் வரிசையும் மட்டும்தான் தெரியும். எட்டுப் பேர் ரீலில் ஓர்லாவின் பிள்ளைகளுக்குப் பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆட்டத்தின் நடுவே அஸ்வினி ஒரு இடத்தில் தடுமாறியதை அவன் பார்த்தான். ஆரணி தனியாக ஆடியபோது அவளுக்கு மூன்றாம் இடம். முதல் வரிசையில் யசீகரனும் நிலானியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆடி முடித்துவிட்டு ஆரணி நேரே அப்பாவிடம் போய் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டதும் அங்கிருந்து தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து யசீகரன் தேநீருக்கு வந்தார். ராம்பிரசாத் ஊற்றிக் கொடுத்தான்.

"வியாழக்கிழமை ஷிப்டை மாத்திப்போட்டன் தம்பி" என்றார் யசீகரன். "நிர்வாகத்தில இரண்டு மாசமாக் கேட்டு இப்பதான் தந்தவை. இனி நானே பிள்ளையைக் கொண்டுபோறன்."

"சரிங்கண்ணா."

யசீகரன் போகவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தார்.

"அஸ்வினியும் எங்களோட வரட்டோ எண்டு ஆரணியிட்டக் கேட்டிருக்கிறாள். நான் வந்து ஏத்திக்கொண்டு போறன். உங்களுக்குச் சம்மதமெண்டால்."

தன் மகள் இதைத் தன்னிடம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ராம்பிரசாத்துக்கு உறைத்தது. எந்த முகத்தோடு சரி என்பது, எந்த முகத்தோடு வேண்டாம் என்பது என்று தெரியாமல் நின்றான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் யசீகரன் நகர்வதற்காகக் காத்திருந்தார்கள்.

"ரொம்ப தேங்க்ஸ்ணா" என்று முணுமுணுத்தான். யசீகரன் தலையாட்டிவிட்டுக் கோப்பையோடு போனார்.

அடுத்த வியாழக்கிழமை அவர் சரியான நேரத்துக்கு வந்து ஹாரன் அடித்தார். அஸ்வினி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ராம்பிரசாத் வாசல்வரை வந்து, கார்ச் சன்னல் பக்கம் குனிந்து, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று கேட்டான். ஏழரை ஆகும் என்றார் யசீகரன். பின்சீட்டில் ஆரணி எதையோ சொல்ல, அஸ்வினி சிரித்தாள். அவன் பக்கம் திரும்பியதும் ஆரணி, "ஹலோ அங்கிள்" என்றாள், எப்போதும்போல மரியாதையாக. கார் கிளம்பிப் போனது. அவன் உள்ளே வந்து மேஜைமுன் உட்கார்ந்து, மூடிய லேப்டாப்பைத் திறக்காமல் வெகுநேரம் இருந்தான்.